முகத்துவாரம் வெட்டிய அன்று மஞ்சள் புடவை ஏற்றினேன்

கோட்டைச் சேதி என்றால் எங்கள் குப்பத்தில் முதலில் கேட்பது நான்தான். தமுக்குக்காரர் கோட்டை வாசலில் ஒரு தட்டு தட்டினால் போதும், உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவேன். ஒல்லாந்தத் துரை சொன்னதை துபாஷி தமிழில் சொல்வார், அதைத் தமுக்குக்காரர் தெருத்தெருவாகக் கூவுவார். எந்தத் துறையில் தோணி கட்டக்கூடாது, சந்தை எந்தக் கிழமைக்கு மாறியிருக்கிறது, யார் வீட்டு மாடு துரை தோட்டத்தில் புகுந்து பிடிபட்டது, எல்லாம் அதில் வரும். அவர் முன்னால் போக நான் பின்னால் போவேன். காது மந்தமானவர்களுக்கும், கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி இருப்பவர்களுக்கும் இன்னொரு தரம் சொல்வேன். என் குரலுக்குத் தமுக்கு வேண்டாம்.

என் மாமியாருக்கு இது பிடிக்காது. கோட்டையில் உனக்கு சம்பளம் எவ்வளவு என்று கேட்பாள்.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷத்து ஐப்பசி அது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிற முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. மழையோ விடவில்லை. போக வழியில்லாத தண்ணீர் ஏறி ஏறி எங்கள் வாசற்படிக்கு வந்தது, பிறகு அடுப்பங்கரைக்கும் வந்தது. எப்போது வெட்டுவார்கள், எப்போது வெட்டுவார்கள் என்று ஊரில் வேறு பேச்சே இல்லை.

ஒருநாள் காலையில் தமுக்கு கேட்டது. இன்றைக்கே முகத்துவாரம் வெட்டப் போகிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டி, கூடையோடு வரவேண்டும். தோணியெல்லாம் கோட்டை வேலைக்கு. வாய்க்காலில் வலை கட்டியவர்கள் எடுத்துவிட வேண்டும். கோட்டையில் முதல் வெடி போட்டால் எல்லாரும் விலக வேண்டும், இரண்டாம் வெடிக்கு மணலை உடைத்துவிடுவார்கள்.

ஊரே துள்ளியது. நானும் துள்ளினேன். நாலு தெரு கூவி முடித்த பிறகுதான் பிறந்த வீட்டு நினைவு வந்தது.

என் நைனாவும் அண்ணனும் ஏரிக்கு அந்தப்பக்கம் தீவுக் குப்பத்தில் இருந்தார்கள். முகத்துவாரத்துக்குப் போகும் வாய்க்காலில்தான் கழி நட்டு வலை கட்டியிருந்தார்கள். புது வலை. அந்தக் கோடை முழுக்க அம்மா நூல் முறுக்க, நைனா பின்னியது. மணலை உடைத்தால் ஏரித் தண்ணீர் முழுக்க அந்த வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குப் பாயும். கழியும் மிஞ்சாது, வலையும் மிஞ்சாது. தமுக்குச் சத்தம் தண்ணீர் தாண்டிப் போகாது. வழக்கமாக முன்கூட்டியே தீவுக்கு ஆள் அனுப்புவார்கள், அன்றைக்கு இருந்த அவசரத்தில் யாருக்கும் அது நினைவில்லை. என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு போய்விட்டார். கரையில் ஓடுகிற தோணி ஒன்றுகூட இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டில் சாவு என்றால் கரையில் இருக்கிற பாய்மரத்தில் வெள்ளைத் துணி ஏற்றுவார்கள். பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் மஞ்சள் துணி. அக்கரையில் பார்த்துவிட்டுக் கிளம்பி வருவார்கள். மூன்றாவது ஒரு துணி கிடையாது. வெள்ளையை ஏற்றி என் அம்மாவை மாரடித்துக்கொண்டு வரவைக்க எனக்கு மனசு வரவில்லை. பெட்டியிலிருந்து என் மஞ்சள் புடவையை எடுத்து, கரையில் கிடந்த எங்கள் பழைய ஓட்டைத் தோணியின் மரத்தில் ஏற்றிவிட்டேன்.

மாமியார் பார்த்துவிட்டாள். "எனக்குத் தெரியாம எப்படி முழுகாம இருக்க?" என்றாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கட்டியதும் அவள்தான்.

வந்தார்கள். உடனே வந்தார்களா? குளித்து, தலைவாரி, பூ வைத்து, பங்காளிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு இரண்டு தோணியில் குலவை போட்டுக்கொண்டு வந்தார்கள். அம்மா கையில் தாம்பாளம். தேங்காய், பழம், வளையல். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நான் ஓடினேன்.

"எத்தினி மாசம்டி?" என்றாள் அம்மா.

"மாசம் இல்லம்மா. மொகத்துவாரம் வெட்றாங்க, வலைய எடுங்க."

அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை. அந்த நேரம்தான் முதல் வெடி போட்டார்கள். நைனா தோணியைத் திருப்பினார். நானும் ஏறிக்கொண்டேன்.

பட்டுக்கரை வேட்டியோடு ஆண்கள் தண்ணீரில் குதித்துக் கழி பிடுங்கினார்கள். பூ வைத்த தலையோடு பெண்கள் வலையை வாரி வாரித் தோணியில் போட்டோம். அகப்பட்ட மீனெல்லாம் தாம்பாளத்தில் விழுந்து வாழைப்பழத்தோடு துடித்தது. கடைசிக் கழி மட்டும் வரமாட்டேன் என்றது. விட்டுத் தொலைடா என்று நைனா கத்தினார். அண்ணன் விட்டுவிட்டு ஏறினான். கரையை ஒட்டித் தோணியை ஒதுக்கினோம், இரண்டாம் வெடி கேட்டது.

அந்தச் சத்தத்தை என்ன சொல்வேன். மணல் இடிந்து, ஏரி எழுந்து ஓடியது. அந்த ஒற்றைக் கழி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அம்பு மாதிரி கடலுக்குப் போனது. மேட்டில் மண்வெட்டியோடு நின்ற ஆண்கள் கூத்தாடினார்கள். அம்மா தேங்காயை அந்த ஓட்டத்திலேயே விட்டாள். வளையல்களை என் கையில் போட்டாள். "வந்ததுக்குப் போட்டுக்க" என்றாள்.

அன்றிலிருந்து கோட்டையில் முகத்துவாரம் வெட்டச் சொன்னால் தீவுக்கு மஞ்சள் துணிதான். பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். நான் ஏற்றியதுதான் ஊர் வழக்கமானது.

அடுத்த வருஷம் எனக்கு நிஜமாகவே நாள் தள்ளியது. மாமியாரே ஆசையாகப் புடவையை ஏற்றினாள். வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்க அக்கரையைப் பார்த்தோம். ஒரு தோணியும் வரவில்லை. தீவுக் குப்பம் முழுக்க வாய்க்காலில் நின்று வலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.