ஏழு மணிக்குப் போன அஞ்சலி

ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டவன் நான். அது தவறுதலாக நடந்தது. அதற்குப் பிறகு நான் செய்தது தவறுதல் அல்ல. அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

செஞ்சியில் எனக்கு ஒரு டிசைன் கடை இருக்கிறது. பேனர், பத்திரிகை வேலைகளோடு ஒன்பது கடைகளின் சமூக வலைதளப் பக்கங்களையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அதற்கென்று ஓர் இணையதளம் உண்டு. ஒன்பது பக்கங்களும் அதில் வரிசையாக நிற்கும். படத்தை ஏற்றி, வேண்டிய கட்டங்களில் டிக் அடித்து, நேரத்தைக் குறித்துவிட்டால் போதும். நான் எங்கே இருந்தாலும் அது தன் வேலையை முடித்துவிடும்.

எங்கள் ஊரில் யாராவது இறந்தால் நகைக்கடை முதல் நெல் மண்டி வரை எல்லாரும் அஞ்சலி போடுவார்கள். இறந்தவர் படத்துக்குக் கீழே கடையின் பெயரும் இருக்கும். துக்கமும் ஆயிற்று, விளம்பரமும் ஆயிற்று. முதல் அஞ்சலி யாருடையது என்று என்னைப் போன்ற டிசைன்காரர்களுக்குள் ஒரு போட்டி வேறு. சொல்லவே நாக்கூசுகிறது... சீரியஸாகக் கிடப்பவர்களின் படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஏழுமலை அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சில்லறை இல்லாதவனைக்கூட வழியில் இறக்கிவிடாத மனுஷன். வயிற்றில் ரத்தக்கசிவென்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஏபி நெகட்டிவ் ரத்தம் தேவை என்று அவர் மகள் கலைச்செல்வி எனக்குப் போன் செய்தாள். ஒன்பது பக்கங்களிலும் போட்டேன். மண்டியில் மினி லாரி ஓட்டும் பாஸ்கரும் அவன் தம்பியும் மறுநாள் காலையில் போய்க் கொடுப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் நம்பரை அவளுக்கு அனுப்பியவனும் நான்தான்.

அன்று சாயங்காலம் அவளுடைய சித்தப்பா மகன் கடைக்கு வந்தான். "டாக்டரு கைய விரிச்சிட்டாராம்ணா. காலைக்குள்ள முடிஞ்சிடும்னு பேசிக்கறாங்க," என்றான்.

ரத்தம் கிடைக்காவிட்டால் கஷ்டம் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை நான் விசாரித்தேனா? இல்லை. படத்தை எடுத்தேன், மாலை வைத்தேன், ஒன்பது கட்டங்களிலும் டிக் அடித்தேன். வெறுமனே சேமித்து வைத்திருக்கலாம். காலை ஏழு மணி என்று குறித்தேன். உயிரோடு இருந்தால் எழுந்ததும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

எழுந்ததும் ஒரு முகூர்த்தத்துக்குப் பேனர் கட்டப் போய்விட்டேன். சுத்தமாக மறந்துபோனேன்.

ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்து திரையைத் திறந்தால், வரிசையாக இரங்கல்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன்; உயிரோடுதான் இருக்கிறார் என்றார்கள். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். நெல் மண்டியின் பக்கத்தில் பாஸ்கர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

"திண்டிவனம் தாண்டிட்டோம். போஸ்டர் பாத்துத் திரும்பறோம். குடுத்து வைக்கல."

படித்தேன். நன்றாகவே படித்தேன். எழுதி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. அவன் நம்பர் என் போனில் இருந்தது. 'அண்ணன் உயிரோடதான் இருக்கார், வண்டியைத் திருப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், செத்துப்போனதாகப் போட்டது யார் என்ற கேள்வி வரும். ஒன்பது கடைக்காரர்களும் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். ஊர் காறித் துப்பும்.

நான் போனை எடுக்கவில்லை. அவன் எழுதியதையும் சேர்த்து அழித்தேன்.

ஏழுமலை அண்ணன் இரண்டு மணிக்கு இறந்தார்.

மூன்று மணிக்கு அதே போஸ்டரை மறுபடியும் போட்டேன். தேதியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இரண்டு யூனிட் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. பிழைத்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அதைச் சொல்ல நான் யார்...

காலையில் பார்த்தவர்கள் இல்லாமலா போவார்கள்? ஆனால் ஆள் உண்மையிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, போஸ்டர் எத்தனை மணிக்கு வந்தது என்று சாவு வீட்டில் யார் பேசுவார்கள்? பாஸ்கர் மட்டும் பேசினான். வாசலில் நின்று கலைச்செல்வியிடம் விளக்கம் சொல்லப் பார்த்திருக்கிறான். அவள் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கலைச்செல்வி என் கடைக்கு வந்தாள்.

"ஏண்ணா, நீங்க காலையிலயே போஸ்டர் போட்டீங்களாம். அதப் பாத்துத்தான் பாஸ்கர் திரும்பிட்டானாம். எனக்குப் போன் போட்டானாம், சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சாம். எம் போனு அன்னிக்கு சார்ஜ் இல்லாமத்தான் கெடந்துச்சு. ஆனா நைனா போனது ரெண்டு மணிக்குண்ணா. நெசமாவே போட்டீங்களா?"

"இல்லம்மா. மூணு மணிக்குத்தான் போட்டேன்." திரையைத் திருப்பிக் காட்டினேன். அதில் மூன்று மணி என்றுதான் இருந்தது.

அவள் குனிந்து அதைப் படித்தாள். "வரலன்னா வரலன்னு சொல்லிட்டுப் போறான். நைனா பஸ்ஸுலயே ஸ்கூலுக்குப் போய்ப் படிச்சவன். இப்படியா பொய் சொல்வான்?" என்று சொல்லி அழுதாள்.

துக்கத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு போஸ்டர் போட வேண்டும் என்று பெயர்களை எழுதி எடுத்து வந்திருந்தாள். பாஸ்கரின் பெயரையும் அவன் தம்பியின் பெயரையும் என் மேஜையில் வைத்தே பேனாவால் அடித்தாள். பிறகு கடைசி வரியில் என் பெயரை எழுதினாள்.

"ரத்தத்துக்கு ஒம்போது எடத்துல போட்டு அலைஞ்சது நீங்கதாண்ணா. உங்க பேரு கொஞ்சம் பெருசா இருக்கட்டும்," என்றாள்.

எழுத்தின் அளவைக் கூட்டினேன். ஒன்பது கட்டங்களிலும் டிக் அடித்தேன்.