என் மகளின் விளம்பர வேலை

என் மகள் வங்கித் தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு நடிக்கப் போனபோது, அவள் விளம்பரக் கம்பனியில் வேலை செய்கிறாள் என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். முழுப் பொய்யும் இல்லை. அவள் நடித்த முதல் படமே ஒரு விளம்பரக் கம்பனியைப் பற்றியதுதான்.

கதை நடப்பது சிவப்புக் கொடி இறங்கிய ஒரு கிழக்கு ஐரோப்பிய நாட்டில். நேற்றுவரை கட்சிக்குக் கோஷம் எழுதியவர்கள் அதே மேசையில் உட்கார்ந்து இன்று சலவைத்தூளுக்கு எழுதுகிறார்கள். யார் பெரிய பொய்யை எழுதுவது என்ற போட்டியில் கொலை விழுகிறது. அந்த நாட்டின் தலைநகரத்தை ஷ்லீரனில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூடிக்கிடந்த தொழிற்சாலையில்தான் எடுத்தார்கள். வறுமை தெரிய வேண்டுமென்று சுவரெல்லாம் அழுக்குப் பூசினார்கள். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் அழுக்குக்கும் ஊர்ச்சபையான கெமைன்ட அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும்.

படம் வெளியான கிழமை பார்த்து பேர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்க்கு விளம்பர வேலை பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார். மகளோ அன்றைக்குப் படம் ஓடுகிற தியேட்டரில் நிற்க வேண்டும், வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். நான் மூளையைக் கசக்கி, அது கம்பனி எடுத்த படம், ஆள் போதாமல் பிள்ளையையும் காமராவுக்கு முன்னால் நிற்பாட்டினார்கள் என்று சொல்லி, அந்த அம்மாவைத் தியேட்டருக்கே கூட்டிப்போனேன். சலவைத்தூள்காரர்கள் என்னிடம் வந்து பாடம் கேட்டிருக்கலாம்.

முதல் பாதியில் நான் படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். மகள் எல்லாக் காட்சியிலும் வந்தாள். அவ்வளவுக்கு ஆள் தட்டுப்பாடான கம்பனியோ என்று அவர் நினைத்திருப்பார். இடைவேளையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, கேள்வி வராமல் பார்த்துக்கொண்டேன்.

படத்தின் கடைசியில் கம்பனி முதலாளி தொலைபேசி வயரால் மகளின் கழுத்தை நெரித்தான். எனக்குக் கம்பனியும் மறந்துபோயிற்று, சம்பந்தமும் மறந்துபோயிற்று. ஐயோ என்ர பிள்ளை என்று கத்திவிட்டேன். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்தார்.

"அழாதேங்கோ அக்கா. பிள்ளை நடிக்கிறா. என்ன வடிவா நடிக்கிறா."

அவர் கண்ணிலும் தண்ணீர். பெற்ற நான் யாரிடமும் சொல்லக் கூசிய சொல்லை, நேற்று அறிமுகமான ஒருவர் எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் காலை அவரே அழைத்தார். குறை நினைக்க வேண்டாம், படத்தில் நடிக்கிற பிள்ளை தங்கள் குடும்பத்துக்குச் சரிவராது என்றார். முதல்நாள் அழுத அதே குரல்தான். குசினி மேசையில் தேநீர்க் கோப்பையோடு இருந்த மகள், அடுத்து என்ன பொய் வரப்போகிறது என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், என்ர மகள் நடிக்கிறவதான்," என்றேன். "பேர்னிலயும் படம் ஓடுது. வீட்டு ஆக்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ."

தொலைபேசியை வைத்தேன். மகள் எழும்பி எனக்கும் ஒரு தேநீர் ஊற்றினாள். பிறகு, படம் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டாள்.