தோணிப் பலகையில் ஒன்பது வீடு

தூத்துக்குடிக் கரையில் தோணி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தேவபிரசாதத்தைத் தெரியும். கொழும்புக்குப் போய்வந்த தோணியில் அடிப்பலகை விட்டுப்போனால், "ஓடாவியைக் கூப்பிடு" என்பார்கள். தோணி கட்டும் தச்சருக்கு அந்தக் கரையில் ஓடாவி என்று பேர். அவர் வந்து குந்தி உட்கார்ந்து பலகையை விரலால் தட்டுவார். எது தேறும், எது தேறாது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

கையிலிருந்த சாமர்த்தியம் வாயில் கிடையாது. கோயிலில் எப்போதும் கடைசிப் பெஞ்சு. ஒருமுறை போதகர் அவரை எழுந்து ஜெபம் பண்ணச் சொன்னார். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் ஒரு சொல்லும் வராமல் வேர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். மனைவி தங்கத்தாய் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நாற்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதம். கயத்தாற்றுக்கு அந்தப் பக்கம் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து ஒன்பது குடும்பங்கள் நடந்தே வந்து கோயில் வளாகத்தில் இறங்கின. முந்தின கிறிஸ்துமஸுக்குத்தான் அவர்கள் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஊர்க் கிணற்றில் வாளி போட விடவில்லை. பருத்தி எடுக்கக் கூப்பிடவில்லை. கடைசியில் அவர்கள் கூடி ஜெபிக்கப் போட்டிருந்த ஓலைக் கொட்டகையை ஊர்க்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, இரண்டு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்கள்.

முதல் மூன்று நாள் சபையார் போட்டி போட்டுக்கொண்டு சோறு கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் முணுமுணுப்பு வந்தது. ஆராதனை முடிந்து பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். ஜெபித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றார் இன்னொருவர்.

கடைசிப் பெஞ்சில் தேவபிரசாதம் எழுந்து நின்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாது. இடம் மட்டும் பாத்துக் குடுங்க. வீடு நான் கட்டுதேன்."

இடம் யாரிடமும் இல்லை. மறுநாள் அவரே பலசரக்கு வியாபாரி சங்கரபாண்டியனிடம் போனார். அண்ணாச்சிக்கு உப்பளத்தை ஒட்டிக் கொஞ்சம் பொட்டல் நிலம் இருந்தது. கரையில் சாய்ந்து கிடந்த உடைசல் தோணி ஒன்றும் அவருடையதுதான்.

"ஏன்வே, நெத்தி நிறையத் திருநீறு பூசுதவன் நான். வேதக்காரங்களுக்கு நான் எதுக்கு இடம் குடுக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

"வேதக்காரங்கன்னு கேக்கல அண்ணாச்சி. கிணத்துல தண்ணி எடுக்க விடாம அவுகள விரட்டியிருக்காக. அதான் கேக்கேன்."

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்தார். "எங்க பாட்டையாவ ஒரு காலத்துல கோயில் தெருவுக்குள்ளயே விடல. அது எங்க வீட்டுல இன்னும் ஆறல" என்றார். பிறகு, "அந்த ஒடைசல் தோணியையும் எடுத்துக்கிடும். கெடந்து மட்கத்தான் போவுது" என்றார்.

அன்றைக்கே தோணியைப் பிரிக்க ஆரம்பித்தார் ஓடாவி. அடிப்பலகைகள் சுவராயின. விலாக்கட்டைகள் தூணாயின. உப்புக்காற்று ஆணியைத் தின்றுவிடும் என்பதால், தோணிக்குச் செய்வதுபோலவே துளை போட்டுக் கயிற்றால் தைக்கச் சொல்லிக் கொடுத்தார். கரிசல்காட்டு ஆண்கள் உளி பிடித்துப் பழகினார்கள். பெண்கள் பனையோலை முடைந்தார்கள். பங்குனி முடிவதற்குள் ஒன்பது வீடும் எழும்பின.

உப்பளத்தில் வேலைக்கும் அவர்தான் கங்காணியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். உழுது பழகிய கால்கள் உப்புத் தண்ணீரில் வெடித்தன. தங்கத்தாய் தினமும் புன்னையெண்ணெய் கொண்டுபோய் அவர்கள் பாதங்களுக்குத் தடவிவிட்டாள்.

புரட்டாசியில், உப்பு வேலை ஓய்கிற நேரம் பார்த்து அவர்கள் விட்டுவந்த ஊரிலிருந்து ஒரு வில்வண்டி வந்தது. விதைப்புக்கு ஆள் இல்லாமல் அங்கே தவித்துக்கொண்டிருந்தார்கள். வந்த பெரிய மனிதர் ஒருவர் இறங்கி, "பழசெல்லாம் விடுங்க. வேதத்த விட்டுட்டோம்னு கைநாட்டுப் போட்டுட்டு வாங்க. கெணறும் உண்டு, வேலையும் உண்டு" என்றார்.

ஓடாவி அப்போது அங்கே ஒரு கதவைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கையில் கோடாலி மாதிரியான வாச்சி இருந்தது. தப்பாக நினைத்துவிடுவார்களோ என்று அதைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

பெண்களுக்குள்ளிருந்து சுடலைமாடத்தி முன்னால் வந்தாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு மார்த்தாள் என்று பேர் வைத்திருந்தாலும் எல்லாரும் மாடத்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அய்யா, விதைப்புக்கு ஆளு வேணும்னா கூலிக்கு வாரோம். வந்து வேலை முடிச்சிட்டு எங்க வீட்டுக்குத் திரும்பிருவோம். கைநாட்டு மட்டும் கேக்காதீங்க. அது ஏற்கனவே ஒருத்தருக்குக் குடுத்தாச்சு."

 ஒரு குடும்பமும் வண்டிக்கு அருகில் போகவில்லை. வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் தேவபிரசாதம், "ஏளா, நாப்பது வருசமாக் கோயிலுக்குப் போறேன். இன்னைக்கு மாதிரி ஒரு பிரசங்கம் கேட்டதில்ல" என்றார். தங்கத்தாய் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மழைக்காலம் கஷ்டமாகவே போனது. ஒருவேளைக் கஞ்சியில் ஓட்டினார்கள். அடுத்த கோடையில் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். அங்கே பிழைக்கப் போயிருந்தவர்கள் காடு மலையெல்லாம் நடந்து, ரயில் ஏறி, எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார்கள். போக்கிடம் இல்லாத சிலர் தூத்துக்குடி ஸ்டேஷனிலேயே படுத்துக் கிடந்தார்கள்.

சேதி கேட்டு ஓடாவி ஸ்டேஷனுக்குப் போனபோது ஆட்கள் யாரையும் காணோம். "உப்பளத்துக் குடிசைக்காரங்க வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்க" என்றார் ஸ்டேஷன் சுமைகூலி வீரபாகு.

ஓடாவி வேகமாக நடந்து பொட்டலுக்கு வந்தார். ஒன்பது குடும்பங்களும் ஐந்து வீட்டுக்குள் நெருக்கிக்கொண்டு, நான்கு வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்திருந்தன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேதக்காரர் இல்லை. அதை ஒருத்தரும் கேட்டதாகவே தெரியவில்லை. ஒரு கிழவர் பாதத்துக்கு மாடத்தி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னக் கூப்பிட்டிருக்கலாமில்ல தாயி" என்றார் ஓடாவி.

"ஒங்களுக்கு எதுக்கு மாமா அலைச்சல்? நாலு வீடு புதுசாப் போடணும். மிச்சப் பலகை கெடக்கு, ஆளு இருக்கு, தொழிலும் தெரியும். ஒங்க வாச்சிய மட்டும் ஒரு வாரத்துக்குக் குடுங்க" என்றாள் அவள்.

தேவபிரசாதம் வாச்சியை வேறு யார் கையிலும் கொடுத்ததே கிடையாது. அன்றைக்குக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்துச் சங்கரபாண்டியன் அண்ணாச்சி நிலத்தைப் பார்க்க வந்தார். ஓடாவி அவரைக் கூட்டிக்கொண்டு, வெள்ளோட்டத்துக்கு நிற்கும் தோணியைச் சுற்றிவருவதுபோல ஒவ்வொரு வீடாகச் சுற்றிவந்தார். புது வீட்டுச் சுவரை விரலால் தட்டிக் காட்டினார்.

"நல்லாத்தான்வே கட்டியிருக்கீரு" என்றார் அண்ணாச்சி.

"நான் ஒரு பலகையக்கூடத் தொடல அண்ணாச்சி" என்றார் தேவபிரசாதம், தலையை நன்றாக நிமிர்த்தி. "பூராவும் இவுக கட்டுனது."