ஹர்த்தால் நாளில் ஒரு முழுக் கச்சேரி

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சங்கீத சபையின் அரங்கம் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அமைத்தது. மாதம் ஒரு கச்சேரி. வித்வான்கள் பெரும்பாலும் பாலக்காட்டிலிருந்து வருவார்கள். நான் அதன் செயலாளராக இருந்தேன்.

கச்சேரிக்கு முன் உறுப்பினர் வீட்டுப் பெண் ஒருவர் கடவுள் வாழ்த்து பாடிவிட்டு இறங்கிவிடுவது வழக்கம். தொண்ணூறுகளிலிருந்து அதைப் பாடிவந்தவர் மாநகராட்சி ஊழியர் ஒருவரின் மனைவி. முறையாகப் பயின்றவர். ஒரு முழுக் கச்சேரிக்கு வாய்ப்புக் கேட்டு மூன்று முறை விண்ணப்பித்தார். உள்ளூர்க்காரர்களுக்கு மேடை இல்லை என்று மூன்றையும் தலைவர் திருப்பிவிட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, திடீர் ஹர்த்தால்; பஸ் இல்லை, கடை இல்லை. பாலக்காட்டிலிருந்து யாரும் கிளம்பவில்லை. நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்த ரசிகர்கள் மட்டும் வந்தார்கள். கச்சேரியை ரத்து செய்யும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

"இன்னிக்கு நீயே முழுசாப் பாடிடும்மா," என்று கடவுள் வாழ்த்துப் பாட வந்திருந்த அந்த அம்மாளிடம் சொன்னார் தலைவர்.

"மிருதங்கம் வேண்டாமா சார்?"

பக்கத்துத் தெருவில் கஸல் பாட்டுக்குத் தபலா வாசிக்கும் சேட்டன் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். நான் அவரைக் காட்டினேன்.

"தபலாவா? இந்த மேடையில ஏறினதுண்டா? நீரே சொல்லும்," என்றார் தலைவர் என்னிடம்.

இல்லை என்றேன். அது உண்மை.

சேட்டன் சிரித்தார். "சாரமில்ல சாரே, பரவாயில்ல, நான் கேட்டுட்டு இருக்கேன். கேக்கறதுக்கு லைசன்ஸ் வேண்டாமே?"

சுருதிப் பெட்டி மட்டும் துணையாக, தாளம் போட்டபடி அந்த அம்மாள் ஒன்றரை மணி நேரம் பாடினார். பிரதான கீர்த்தனையில் சுரம் பாடி முடித்ததும் நிறுத்தினார். அந்த இடத்தில் மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வர வேண்டும். தனி இல்லாததை எங்கள் ஆட்கள் முழுக் கச்சேரி என்று ஒப்புக்கொள்வதில்லை. அது அவருக்கும் தெரியும். குரல் நின்றது, கை நிற்கவில்லை. தாளம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பிறகு, "சேட்டா, தபலா எவிடெ?" என்றார்.

"வீட்டில."

"சீக்கிரம் கொண்டாரும். அவ கை வலிக்கும்."

சேட்டன் திரும்பி வந்து, சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்த்து முடிக்க எட்டு நிமிடம் ஆயிற்று. அதுவரை தாளம் விடவில்லை. யாரும் எழுந்து போகவுமில்லை.

தனி முடிந்து, மங்களமும் பாடிவிட்டு அந்த அம்மாள் மேடையிலிருந்து இறங்கினார். தலைவரிடம் வந்து நின்றார்.

"அடுத்த மாசம் கடவுள் வாழ்த்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க சார்."