என் காது எலும்பில் கர்த்தர் காட்டிய ஓட்டை

சகோதரரே, சகோதரிகளே, எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, நான் ஜீப் ஓட்டுகிறவன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது!

திருப்பத்தூரிலிருந்து மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஆள் ஏற்றிப் போவேன். போன மாசியில் ஒரு வளைவில் ஹாரன் அடித்தேன். அவ்வளவுதான், தலை சுற்றி மலையே சாய்ந்தது. பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் பதினோரு பேர். அதற்குப் பிறகு எப்போது ஹாரன் அடித்தாலும் அதேதான். ஹாரன் அடிக்காமல் அந்த மலையில் வண்டி ஓட்ட முடியுமா? சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

சபையில் அதைவிட மோசம். டிரம் அடித்ததும் கீழே விழுவேன். "ஆராதனை தாங்காம பிசாசு தள்ளுது" என்றார்கள். மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். அன்போடுதான் செய்தார்கள், பாவம். பிசாசை விரட்ட இன்னும் பலமாக அடித்தார்கள். நானும் இன்னும் பலமாக விழுந்தேன்!

இன்னொன்றும் இருந்தது. கண்ணை உருட்டினால் காதுக்குள் கரகரவென்று கேட்கும். சொன்னால் பிசாசேதான் என்பார்கள். என் மனைவி எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். "பேயா, நோயா, நீரே காட்டும்" என்று அழுதேன்.

எஸ்தர்தான் பொறுக்கமாட்டாமல், "ஜெபம் பண்ணியாச்சு இல்ல? எழுந்து வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரலாம். ஆண்டவரு அங்க வரமாட்டாரா இன்னா?" என்று இழுத்துப் போனாள்.

காது டாக்டரம்மா எல்லாம் விசாரித்துவிட்டு, "கண்ணை அசைச்சா காதுல சத்தம் கேக்குதாங்க?" என்றார்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கர்த்தரிடம் மட்டும் சொன்னது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்! அங்கேயே தேம்பி அழுதேன்.

காது எலும்புக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தில் விரல் வைத்துக் காட்டினார். நாம் தள்ளாடாமல் நிற்க உதவும் ஒரு சின்னக் குழாய் உட்காதில் இருக்கிறதாம். அதை மூடியிருக்க வேண்டிய எலும்பில் ஓர் ஓட்டை. கேழ்வரகு மணிகூட நுழையாது.

"பெரிய சத்தம் வந்தா இது வழியா அந்தக் குழாயை ஆட்டுது. அதான் தலை சுத்துது, கண்ணு அசையற சத்தமும் கேக்குது. பிசாசெல்லாம் இல்லங்க."

"இம்மாந்தூண்டு ஓட்டையா இந்தப் பாடு படுத்துச்சு?" என்று எஸ்தர் வாயைப் பிளந்தாள்.

ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். சில வாரம் சுவரைப் பிடித்து நடந்தேன். பிறகு ஒரு ஞாயிறு சபைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பாஸ்டர், "மெதுவா அடிங்கப்பா" என்றார்.

"வேணாங்க ஐயா, பலமாவே அடிக்கச் சொல்லுங்க!" என்றேன்.

அடித்தார்கள். நின்றேன். அல்லேலூயா, நின்றேன்!

உங்களில் யாராவது வெளியே சொல்லப் பயந்து எதையாவது மறைத்து வைத்திருந்தால், அவரிடம் சொல்லுங்கள். அவரை நம்பி டாக்டரிடமும் சொல்லுங்கள். இப்போது எல்லா வளைவிலும் ஹாரன் அடிக்கிறேன். மலையில் கேட்டால் தெரிந்துகொள்ளுங்கள், நான்தான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்!