வியர்க்காத உடம்பு

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போனபிறகு, குடித்த தண்ணீர் வெளியே வர இரண்டு வழிதான் மிச்சமிருந்தது. ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் பாண்டிச்சேரிக்குப் போய்ச் செய்துகொள்ளும் டயாலிசிஸ். இன்னொன்று வியர்வை. அதனால் எங்கள் ஊர் பாகூர் முழுக்கச் சபிக்கும் கத்திரி வெயிலை நான் ஒருத்திதான் வா வா என்று கூப்பிட்டேன். அவர் சட்டையில் உப்புப் பூத்திருந்தால் அன்றைக்கு அரை டம்ளர் மோர் கூடுதலாகக் கிடைக்கும்.

ஒருமுறை ரசம் வேண்டுமென்று அடம் பிடித்தார்.

"தண்ணிதானடி உனக்குப் பிரச்சன? நல்லா சுண்ட வெச்சிக் குடு" என்றார்.

அதுவும் சரிதானே என்று கொதிக்க விட்டேன். தண்ணீர்தான் ஆவியாகப் போகும், உப்பு ஒரு கல்கூடப் போகாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அடுப்படியில் யாருக்கு ஞாபகம் வருகிறது? மிஞ்சிய ரெண்டு கரண்டியைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் வரை தாகம் தாகம் என்று என் உயிரை வாங்கினார்.

வெயில் காலத்தை எப்படியோ ஓட்டிவிடுவோம். மழைக்காலம்தான் எமன். உடம்பு குளிர்ந்து, காற்றும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது தோலிலிருந்து என்ன ஆவியாகும்? கொடியில் துணி காயாது, அவர் கால் வீக்கமும் வடியாது. அந்தக் கார்த்திகையில் புயல் அடித்து ஏரி நிரம்பியது. ஊரே போய்க் கற்பூரம் ஏற்றிப் பூத் தூவியது. நான் வாசலில் நின்று மழையை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"தண்ணியப் போயி திட்டுறியேடி, வயலெல்லாம் குளுந்து கெடக்குது" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"எங்க வூட்லயும் ஒருத்தரு குளுந்துதான் கெடக்குறாரு. அதுக்கு இன்னா பண்றதுக்கா?" என்றேன். அவள் உள்ளே போனாள்.

ஆற்று வெள்ளம் ரோட்டில் ஏறியதில் டயாலிசிஸ் நாள் தவறியது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை, கடலோரத்து மணப்பட்டிலிருந்து படகு அனுப்புகிறோம் என்று போனில் சொன்னார்கள். படுத்தால் மூச்சு முட்டியதால் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். எப்படியாவது வியர்க்க வைத்துவிட வேண்டும் என்று கம்பளியைச் சுற்றினேன். குண்டானில் தண்ணீர் கொதிக்க வைத்து, அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தேன். ஆவி எழும்பி அறையை நிறைத்தது. சுவர் வியர்த்தது, ஜன்னல் கம்பி வியர்த்தது, எனக்குக் கழுத்தெல்லாம் ஒழுகியது. அவர் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தேன், சில்லென்று காய்ந்து கிடந்தது. அப்படியொரு கையாலாகாத ஆத்திரம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

படகு சாயங்காலம்தான் வந்தது. அவர் மதியமே போய்விட்டார்.

போவதற்குக் கொஞ்சம் முன்னால், "ஒரு சொம்பு தண்ணி குடுடி" என்றார். எத்தனையோ வருஷமாக அவர் கேட்டுக் கேட்டு, நான் சண்டை போட்டு மறுத்த தண்ணீர். அவர் நெஞ்சுக்குள் தண்ணீர் களகளவென்று சத்தம் போடுவது எனக்கே கேட்டது. இனி எதைக் காப்பாற்ற என்று சொம்பு நிறைய மொண்டு கொடுத்தேன்.

ஒரே வாய்தான் குடித்தார். மீதியை என் பக்கம் நீட்டினார்.

"போதும், நீ குடி. காலைலேந்து நீ ஒண்ணுமே குடிக்கல."