வேனில் ஓர் இடம், பேஸ் கிட்டாருக்கு ஒரு பெட்டி

ஒலிபெருக்கி செய்து விற்கும் தொழிலில், சத்தம் போதவில்லை என்று வருபவரும் சத்தம் தாங்கவில்லை என்று வருபவரும் கடை வாசலில் ஒரே பெஞ்சில்தான் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள்.

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்திற்குப் பின்புறம், தேநீர்க் கடையை ஒட்டி என் கடை இருந்தது. நான் எந்தக் கல்லூரியிலும் பயின்றவன் அல்லன். பழுதான வானொலிகளைப் பிரித்துப் பார்த்தே பாடம் படித்தேன். அப்படிப் படித்தவற்றில் இன்றுவரை எதுவும் மறக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், பேஸ் கிட்டாருக்கு மலிவாக ஒரு பெட்டி வேண்டுமென்றால் ஒரகடம் வரையில் என்னிடம்தான் வருவார்கள். நான்கு தடித்த தந்திகள் கொண்ட அந்த வாத்தியத்தைத் தோளில் மாட்டியவர்களும், மாட்டியவரோடு ஒரே அறையில் வாடகை பகிர்ந்தவர்களும் இதைப் படிக்கும்போது சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இருமிய டேப் ரிக்கார்டர்

தங்கராசு கோவில்பட்டிப் பக்கத்து இளைஞன். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில், உதிரிகளைப் பொருத்தும் லைனில் வேலை. விடுமுறை நாள்களில் ஓர் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார். அவன் முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது, வானொலியும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன்னை அடிபட்ட கோழியைப் போல இரு கைகளிலும் ஏந்தி வந்தான். அது அவனுடையது அல்ல. அறையிலிருந்த ஐவரும் சேர்ந்து வாங்கிய பொதுச் சொத்து. மைக் மாட்டும் துளையில் கிட்டாரைச் செருகி, முழுச் சத்தத்தில் தந்தியை மீட்டியிருக்கிறான்.

பின்மூடியைக் கழற்றினேன். உள்ளங்கை அகல ஸ்பீக்கரின் காகிதம் விளிம்போடு கிழிந்து தொங்கியது. தடித்த சுரம் வெளிவர வேண்டுமானால் காகிதம் முன்னும் பின்னும் வெகுதூரம் பாய வேண்டும். பாடகரின் குரலுக்காகப் பிறந்த சிறு ஸ்பீக்கர் அந்தப் பாய்ச்சலைத் தாங்காது என்று விளக்கினேன். அவன் தலையாட்டிவிட்டுச் சொன்னான்: “நல்ல பொருள்தான் அண்ணாச்சி. பாட்டு போட்டா பாடுது, நியூஸ் வச்சா வாசிக்கு, நான் வாசிச்சா மட்டும் இருமுது.”

கூம்புக்குக் கீழே

ஏகாம்பரம் மணிமங்கலத்துக்காரர். குழுவின் தலைவரும் பாடகரும் வேன் உரிமையாளரும் அவரே. சத்திரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் அவருடைய குழு வாசித்த வரவேற்புக்கு, தங்கராசு வற்புறுத்தியதால் நானும் போய் ஓரமாக நின்றேன். கிட்டாரின் கம்பி நேராக மண்டபத்து மைக்செட்டில் செருகப்பட்டிருந்தது. மைக்செட்டோ மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகளை நம்பியது. கூம்பு நாதசுரத்தை ஊர் எல்லைவரை கொண்டுபோகும். பேஸ் கிட்டாரை மேடைப் படிவரைகூடக் கொண்டுபோகாது. தங்கராசு வியர்க்க வியர்க்க வாசித்தான். தந்தியில் விரல் படும் சொடக்குச் சத்தம் மட்டும், யாரோ நகம் வெட்டுவது போலக் கேட்டது.

இடைவேளையில் ஏகாம்பரம் என்னிடம் வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: “தோ பாரு நைனா, கீபோர்டு பையன் இடது கையாலயே அந்த டும்டும்ம அடிச்சிடறேன்றான். கேக்காத ஆளுக்கு வேன்ல ஒரு சீட்டு எதுக்கு? ஆயுத பூஜைக்கு இவன் கம்பெனியிலயே புரோகிராம் கீது. அன்னிக்கு இவன் வாசிக்கறது என் காதுல வுழுந்தா சீட்டு இவனுக்கு, இல்லாங்காட்டி வேற ஆளுக்கு.”

அப்போது தங்கராசுவின் முகத்தை நான் பார்த்தேன். ஆயுத பூஜைக்குத் தானும் வாசிக்கப்போவதாக லைனில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தான்.

கிளாஸ் படம் போட்ட பெட்டி

இறக்குமதிப் பெட்டி ஒன்று சென்னையில் கிடைக்கும். ஆனால் அதன் விலை அவன் சம்பளத்துக்கு எட்டாது. மலிவு என்பது மட்டமான பொருளை வாங்குவதன்று. நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கும் இடத்தை அறிவது. நம் ஊரில் அந்த இடம் பழைய இரும்புக் கடை. வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்திறங்கும் மரப்பெட்டிகளைத் தொழிற்சாலைகள் அங்கேதான் தள்ளிவிடும். கனமான, நன்கு காய்ந்த பலகைகள். அவற்றில் முதலில் பயிற்சிக்கென்று சிறியதாக ஒரு பெட்டி செய்தேன். தடித்த சுரத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கரான ஊஃபர், எட்டு அங்குலத்தில் ஒன்று, சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இடுக்கெல்லாம் பசை. மேலே ஒட்ட ரெக்ஸின் வாங்கும்வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமையில்லை; அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை, அவனுக்கு அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மாள் மங்கம்மா கடை வாசலில் நின்றார். உடையும் பொருள் என்பதற்கு அடையாளமாக அந்தப் பலகையில் ஒரு கண்ணாடிக் கோப்பையும், நனையக் கூடாது என்பதற்கு ஒரு குடையும் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றின் பொருளை நான் விளக்க விளக்க அவர் முகம் இன்னும் இறுகியது. “ஏன்யா மைக்செட்டுக்காரரே, படிக்கத் தெரியாதுன்னா படம் கூடவா தெரியாது எனக்கு? என் வூட்டுல குடிக்கறதா இருந்தா ரூமு கிடையாதுன்னு மொத நாளே சொல்லிகிறேன். இவன் கிளாஸ் படம் போட்டுப் பொட்டியே செஞ்சு எடுத்துகினு வரான், மழை வந்தா புடிச்சிக்கக் குடையும் வரைஞ்சிகிறான்!”

எப்போதும் ஒருவர் உறங்கும் அறை

ரெக்ஸின் ஒட்டியதும் மங்கம்மா சமாதானமானார். சமாதானமாகாதவன் மாரியப்பன். தங்கராசுவின் அறைத்தோழன், ஊர்க்காரன், இரவு ஷிஃப்ட். தொழிற்சாலைப் பிள்ளைகள் தங்கும் அறையில் எந்த நேரமும் ஒருவன் உறங்கிக்கொண்டிருப்பான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கராசு பயிற்சிக்கு உட்காரும் பகல் வேளை, மாரியப்பனுக்கு நடுநிசி. பெட்டி சிமெண்டுத் தரையில் இருந்தது; மாரியப்பனும் தரையில்தான் படுத்திருந்தான். அங்கே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

நேரில் போய்ப் பார்த்தேன். தங்கராசு பேஸ் திருகியைக் கடைசிவரை திருகி வைத்திருந்தான். சிறு பெட்டி வாங்கும் எல்லோரும் செய்கிற தவறு அது. பயிற்சிக்குத் தடிமன் வேண்டாம், தெளிவு போதும். அந்தத் திருகியைக் குறைத்தேன். நடுச்சுரத் திருகியைக் கூட்டினேன். பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து, மடித்த கோணியின் மேல் நாற்காலியில், வாசிப்பவன் காதுக்கு நேராக வைத்தேன். ஒலியைப் பாதியாக்கியும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே கேட்டது. போர்வைக்குள்ளிருந்து மாரியப்பன் குரல் மட்டும் வந்தது: “அண்ணாச்சி, முன்னால இவன் என் வயித்துக்குள்ள இருந்து வாசிச்சான். இப்பந்தான் வெளிய வந்து வாசிக்கான். இப்படியே இருந்தா ஒறங்கிருவேன், போயிட்டு வாங்க.”

ஆளா, பெட்டியா?

அடுத்தது மேடைப் பெட்டி. இங்கேதான் என் கைத்திறமையை நிரூபிக்கத் தீர்மானித்தேன். பதினைந்து அங்குல ஊஃபர் இரண்டு. மூடப்போகும் திரையரங்கம் ஒன்றிலிருந்து வந்தவை. காகிதத்தை மாற்றி, உள்ளே இருக்கும் செப்புக்கம்பிக் காயிலை நானே சுற்றினேன். மரம் அதே பழைய இரும்புக் கடை மரம். பெட்டி பீரோ உயரம் வந்தது. கடையில் வைத்துத் தங்கராசு ஒரே ஒரு தந்தியை மீட்டினான். அடுத்த கடையில் தேநீர்க் குவளைகள் தட்டோடு நகர்ந்தன. இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு பேஸ் பெட்டியை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. இதைப் பணிவின்றியே சொல்வேன், ஏனென்றால் உண்மை.

ஏகாம்பரத்தின் வேன் வந்து நின்றது. நால்வர் பெட்டியைத் தூக்கினார்கள். நிமிர்த்தினால் கூரை இடித்தது. சாய்த்தால் டிரம்ஸ் போகும் இடத்தை அடைத்தது. குறுக்கே கிடத்தினால் தங்கராசு உட்காரும் இருக்கைமேல் ஏறிக்கொண்டது. ஏகாம்பரம் கைலியை மடித்துக் கட்டியபடி வேனைச் சுற்றி வந்து, என் தோளில் கை வைத்துக் கேட்டார்: “சத்தம் சூப்பரு நைனா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா பொட்டி ஏறினா இவன் ஏற முடியாது, இவன் ஏறினா பொட்டி ஏற முடியாது. ரெண்டுல யாரு வாசிக்கப் போறது, நீயே சொல்லு.”

முழங்கால் உயரம்

ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஓசையைப் பற்றிச் சிந்திப்பதை நிறுத்திவிட்டு, அளவுநாடாவோடு வேனுக்குள் ஏறினேன். ஓட்டுநருக்குப் பின்னால் தங்கராசுவின் ஒற்றை இருக்கை, பஞ்சு போய், கம்பி துருத்திக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட ஏகாம்பரத்திடம் அனுமதி கேட்டேன். அந்த இருக்கையின் அகலம், ஆழம், முழங்கால் உயரம் மூன்றையும் எடுத்து, அதே அளவில் ஒரு பெட்டி செய்தேன். பன்னிரண்டு அங்குல ஊஃபர் ஒன்றே ஒன்று, முன்பக்கம் காற்றுத்துளை, பெட்டி கவிழாதிருக்க ஆம்ப்ளிஃபயரின் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் அடியில், மேலே இரண்டு விரற்கடைப் பஞ்சும் பச்சை ரெக்ஸினும். சிறு மேடைக்கு அது தாராளம். முந்திய பெட்டியைப் பெரிதாக்கியது மேடையின் தேவையன்று, என் ஆசை.

“அண்ணாச்சி, இதுல உக்காரணுமா, வாசிக்கணுமா?” என்றான் தங்கராசு. இரண்டும் என்றேன். உட்கார்ந்து ஒரு தந்தியை மீட்டினான். மெல்லச் சிரித்தான். “கேக்கது மட்டும் இல்ல அண்ணாச்சி, தண்டுவடத்துல ஏறுது. தப்பா வாசிச்சா எனக்கே குத்தும் போலிருக்கு.”

கேன்டீனில் நின்ற லைன்

பூஜை நாளன்று காலை, இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, எல்லோரும் கேன்டீன் கூடத்தில் கூடியிருந்தார்கள். தகரக் கூரை. ஒரு மூலையில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள். முன்வரிசையில் தங்கராசுவின் லைன் முழுவதும் அமர்ந்திருந்தது. நானும் அவர்களோடு இருந்தேன். தங்கராசு பச்சைப் பெட்டிமேல் அமர்ந்து வாசித்தான். முதல் பாட்டு முடிந்ததும் அவன் தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு நன்றாயிருந்தது, ஆனால் அதில் எது தங்கராசு என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. தடித்த சுரத்துக்கு அந்தத் தலைவிதி எப்போதும் உண்டு. உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததுதான்.

ஏகாம்பரம் கெட்டிக்காரர். இரண்டாம் பாட்டின் சரணத்தில், பாடிக்கொண்டே, கையைத் தாழ்த்தித் தங்கராசுவை நிறுத்தச் சொன்னார். அவன் விரல் நின்றது. கீபோர்டு இருந்தது, டிரம்ஸ் இருந்தது, பாட்டும் இருந்தது. ஆனால் கூடத்தின் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அறுந்தது. நாள் முழுவதும் இயந்திர ஓசையைக் காலடியில் உணர்ந்து பழகியவர்கள் அவர்கள். முன்வரிசையில் ஐந்தாறு பேர் தாங்கள் எழுந்ததே அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்கள். மின்பராமரிப்பு ஃபிட்டர் கூரை விளக்கைப் பார்த்தார். கையில் சுண்டல் பொட்டலத்தோடு சூப்பர்வைசர் ஓடிவந்து கத்தினார்: “இன்னாப்பா ஆச்சு? எந்த லைன்பா நின்னுச்சு?”

இறக்க முடியாத ஆள்

தங்கராசு மீண்டும் தந்தியில் கை வைத்ததும் எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்காரும்போதுதான் அவனைப் பார்த்தார்கள். பிறகு அவர்கள் போட்ட கூச்சலை இங்கே எழுத இடம் போதாது.

நிகழ்ச்சி முடிந்து எல்லாவற்றையும் வேனில் ஏற்றினோம். பச்சைப் பெட்டி கழற்றிய இருக்கையின் இடத்தில் அச்சாகப் பொருந்தியது. நான்கு போல்ட்டுகளை முறுக்கி அதைத் தளத்தோடு இறுக்கினேன்; மேடைக்கு இறக்கக் கழற்றிக்கொள்ளலாம். கீபோர்டு வாசிக்கும் பையன், இனி முறை வைத்து அந்த மெத்தையில் உட்காரலாமா என்று கேட்டான். ஏகாம்பரம் பெட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார். தங்கராசு படியில் நின்றபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஏறுடா, இன்னா முழிக்கிற? இனிமே உன்ன எறக்கணும்னா இந்தப் பொட்டியையும் எறக்கணும், அதத் தூக்க என்கிட்ட ஆளு இல்ல. குந்து.”

ஆகவே, பேஸ் கிட்டாருக்கு மலிவான பெட்டி தேடி அலையும் சகோதரர்களே, எத்தனை வாட்ஸ் என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னால், வேனில் எங்கே உட்காரப்போகிறோம் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.